நாள் கட்டணக் குளத்தில் தூண்டில்: போனில் கேட்பதிலிருந்து முள்ளை எண்ணி வைப்பது வரை

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி சோழவரம், பொன்னேரிப் பக்கம் போனால் மீன் வளர்க்கும் தனியார் குளங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் காசு கட்டிவிட்டு ஒரு பகல் முழுக்கத் தூண்டில் போடலாம். கொளத்தூரிலிருந்து பல வருடமாக அப்படி ஒரு குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறேன். கூட்டம் அதிகமான நாட்களில் கொட்டகையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுப்பதும் உண்டு.

அங்கிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்று. புதிதாக வருகிறவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாதது பெரிய சிக்கலே இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிடும். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வதுதான் தகராறில் போய் முடிகிறது. முதலில் வீசிவிடுகிறார்கள். மீன் மாட்டிய பிறகுதான் எடுத்துப் போகலாமா, கிலோ என்ன விலை, கைவலை யாரிடம் இருக்கிறது என்று ஓடுகிறார்கள். அதுவரை மீன் கரை மண்ணில் துடித்துக்கொண்டு கிடக்கும்.

அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் படியுங்கள்.

1. தண்ணீர் யாருடையது என்று முதலில் பாருங்கள்

புழல், சோழவரம் இரண்டும் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள். கரையில் நின்று பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே தூண்டிலோடு இறங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மற்ற ஏரிகளில் பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகை இருக்கும். ஏலம் எடுத்தவர் தன் கைக்காசில் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். ஆகவே அந்த ஏரியில் உங்கள் முள்ளில் மாட்டுவது அவருடைய மீன். ‘எல்லாரும் போடறாங்களே’ என்பது அனுமதி ஆகாது. ரெட்டேரிப் பக்கமோ மாதவரம் பக்கமோ யாராவது தூண்டிலோடு உட்கார்ந்திருந்தால் அவர் கேட்டுவிட்டு உட்கார்ந்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது.

எண்ணூர் முகத்துவாரம் வேறு கதை. அங்கே அலையேற்றம், உப்புத்தண்ணீர், படகுப் போக்குவரத்து எல்லாம் இருக்கிறது. இங்கே சொல்வது எதுவும் அதற்கு அப்படியே பொருந்தாது.

தனியார் குளம் தூரம் என்று நினைப்பவர்கள் சேத்துப்பட்டில் மீன்வளத் துறை அமைத்திருக்கும் பசுமைப் பூங்காவை விசாரிக்கலாம். ஏரிக்கரையில் தூண்டில் போடுவதற்கென்றே அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

2. முந்தின நாள் போனில் கேட்க வேண்டியவை

‘நாளைக்கு வரலாமா?’ என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். கீழே உள்ள ஐந்தையும் கேளுங்கள்; இரண்டு நிமிடம்தான் ஆகும்.

முதலாவது, சமீபத்தில் வலை இழுத்தார்களா? விற்பனைக்குப் பெருவலை இழுத்தால் குளமே கலங்கிவிடும். மிச்சமிருக்கிற மீன் மிரண்டு போய் ஓரிரு நாள் இரை எடுக்காது. சுண்ணாம்போ மருந்தோ போட்டிருந்தாலும் இப்படித்தான். நல்ல உரிமையாளர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். ஆனால் கேட்டால்தான் சொல்வார்.

இரண்டாவது, கட்டணம் ஆளுக்கா, ராடுக்கா (தூண்டில் கழிக்கா)? சில இடங்களில் ஒரு ராடுக்கு ஒரு சீட்டு. இரண்டு ராடு போட்டால் இரண்டு சீட்டு. கூட வருகிற தம்பிக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மீனை எடுத்துப் போகலாமா, திரும்ப விட வேண்டுமா? எடுத்துப் போகலாம் என்றால் கிலோ என்ன விலை, எந்த அளவுக்குக் கீழே எடுக்கக் கூடாது, எந்த அளவுக்கு மேலே எடுக்கக் கூடாது? மேல் வரம்பும் பல இடங்களில் உண்டு. பெரிய கட்லா இருக்கிறது என்ற பேச்சை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள். அதை ஒருவர் குழம்பு வைத்துவிட்டால் அடுத்த வாரம் யார் வருவார்கள்?

ஒருமுறை பெரம்பூரிலிருந்து வந்த இருவர், நுழைவுச் சீட்டிலேயே மீனும் அடக்கம் என்று நினைத்து ஆறு கிலோ கட்லாவைப் பையில் போட்டுவிட்டார்கள். தராசு வந்ததும் முகம் மாறியது. அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் காசு பற்றாமல் மீனை வைத்துவிட்டுப் போனார்கள். செத்த மீன், வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தது. யாருக்கும் உதவவில்லை.

நான்காவது, எந்த இரைக்குத் தடை? கோழிக்குடல், ஸ்பிரிங் செட் இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். அது என்ன, ஏன் தடை என்பது பின்னால் வருகிறது.

ஐந்தாவது, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்கு எழுந்துவிட வேண்டும்? இருட்டிய பிறகும் ‘ஒரே ஒரு வீச்சு’ என்று இழுப்பவர்களால் காவல்காரர் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்பார்.

3. பையை எடுத்து வைப்பது

மீனை இறக்கிக் கழற்றும் சாமான்களை முதலில் வையுங்கள், பிடிக்கும் சாமான்களை அப்புறம். ராடை யாரும் மறப்பதில்லை. கைவலையைத்தான் மறக்கிறார்கள்.

நீளக் காம்பு வைத்த கைவலை, மூக்கு நீண்ட பிளையர், கத்தரிக்கோல், நனைத்துப் போட ஒரு சாக்கு அல்லது பழைய போர்வை, நரம்புக் (தூண்டில் நூல்) குப்பையைப் போட மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில். இந்த ஐந்தும் இல்லாமல் கிளம்பாதீர்கள். மீன் எடுத்துப் போவதாக இருந்தால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஐஸ் இல்லாத மீன் மூலக்கடை வருவதற்குள் மெதுத்துப் போய்விடும்.

ராடு, ரீல் விஷயத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஏழடி ராடு, நடுத்தர ரீல், 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் நரம்பு, மிதக்கும் தக்கை, எடைக்கு ஈயம், 6 முதல் 10ஆம் எண் வரை ஒற்றை முள். முள்ளின் எண் ஏற ஏற அளவு சிறியதாகும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்து 2ஆம் எண்ணை வாங்கி வந்துவிடுகிறார்கள். காசிமேட்டுக் கடைகளில் தங்கூசி (நைலான் நரம்பு) வாங்கினால் குளத்து மீனுக்கு என்று சொல்லி வாங்குங்கள். கடலுக்கு வைத்திருக்கும் தடிமன் இங்கே தேவையில்லை.

வீட்டிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். முள்ளின் முனைக்குக் கீழே பின்னோக்கி ஒரு சிறு பல் நிற்கும். அதைப் பிளையரால் அழுத்திப் படுக்க வையுங்கள். நரம்பைத் தளரவிடாத வரைக்கும் மீன் கழன்று போகாது. ஆனால் கழற்றும்போது வாய் கிழியாமல் ஒரு நொடியில் வந்துவிடும். உங்கள் விரலில் ஏறினாலும் அதே சௌகரியம்.

ஸ்பிரிங் செட் என்பது சுருளில் மாவை அப்பி, சுற்றி நான்கைந்து முள்ளைத் தொங்கவிடுவது. ஒரு முள் வாயில் மாட்டினால் மற்றவை வயிற்றிலும் கண்ணிலும் செவுளிலும் ஏறும். அப்படிப் பிடித்த மீனைத் திரும்ப விட்டும் பயனில்லை. தடை இல்லாத குளத்திலும் நான் இதைப் போடுவதில்லை.

4. உள்ளே வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு சுற்று

கொட்டகையில் பெயர் எழுதி, சீட்டு வாங்கி, பையை ஓரமாக வைத்துவிட்டுக் கரையை ஒருமுறை சுற்றி வாருங்கள். பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யச் சொன்னால் எல்லோருக்கும் கை பரபரக்கும். எனக்கும் பரபரக்கும்.

சுற்றும்போது தலைக்கு மேலே பாருங்கள். வயல்வெளிக் குளங்களில் மோட்டாருக்கு மின்கம்பி தாழ்வாகப் போகும். இன்றைய ராடுகள் பல கார்பன் இழையால் ஆனவை. அதில் மின்சாரம் பாயும். கம்பிக்குக் கீழே உட்காரவும் கூடாது, ராடை நிமிர்த்திப் பிடித்தபடி அதன் கீழே நடக்கவும் கூடாது. இதில் சலுகை கிடையாது.

அடுத்து, முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சீமைக்கருவேல மரம் இருந்தால் வீசும்போது முள் அதில்தான் போய் மாட்டும். நடைபாதை இருந்தால் யாருடைய காதிலாவது மாட்டும். புதர் ஓரத்தில் பாம்பு இருக்கலாம். பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்புதான். என்றாலும் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ‘அடேங்கப்பா, எவ்வளவு மீன்’ என்று புதியவர்கள் குதிப்பார்கள். அவை இரைக்கு வரவில்லை. இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைச் செலவழித்துவிட, விடியற்காலையில் அது மிகக் குறைவாக இருக்கும். மூச்சு முட்டித்தான் மேலே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் இது அடிக்கடி நடக்கும். அப்போது தூண்டில் போடாதீர்கள். ஓடிப் போய்க் காவல்காரரிடம் சொல்லுங்கள். அவர் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடுவார். வெயில் ஏறிய பிறகு தொடங்கலாம்.

5. இடம் பிடிப்பது

பக்கத்தில் ஆள் இருந்தால் உட்காருவதற்கு முன் கேளுங்கள். ‘அண்ணா, இங்க உட்காரலாமா? நீங்க எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?’ இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு. அவர் தக்கை நேர் எதிரே இருக்கிறதா, உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்தால்தான் நரம்புகள் பின்னிக்கொள்ளாமல் இருக்கும்.

உங்களுக்கு நேர் எதிரே உள்ள தண்ணீர் உங்களுடையது, அதுவும் குளத்தின் பாதி வரைக்கும்தான். மறு பாதி எதிர்க்கரையில் இருப்பவருக்கு. ரீல் நன்றாக ஓடுகிறது என்பதற்காக அவர் காலடியில் கொண்டு போய்ப் போடாதீர்கள். அவர் காலையிலிருந்து இரை போட்டுப் பழக்கி வைத்த இடம் அது.

பின்னால் வரும் நண்பருக்காகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை மின்சார ரயிலோடு விட்டுவிடுங்கள்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. மெதுவாகப் பேசினால் மீன் ஓடாது. கரையில் தொம் தொம்மென்று நடந்தால் ஓடும். அந்த அதிர்வு மண் வழியாகத் தண்ணீருக்குப் போகும். போனில் பாட்டு வைப்பதால் மீனுக்கு என்ன ஆகிறதோ, பக்கத்தில் இருப்பவருக்குக் கோபம் வருகிறது.

6. ஆழம், டிராக், வீச்சு

கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பதைப் பார்த்தாலே இது புரியும். எதைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து அதற்கேற்பத் தக்கையை நகர்த்துங்கள். எல்லா மீனுக்கும் ஒரே ஆழம் வைத்துவிட்டு ‘இந்தக் குளத்தில் மீனே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு போனவர்கள் நிறைய பேர்.

வீசுவதற்கு முன் ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்பதை வைக்கும் திருகை, சரி செய்யுங்கள். நரம்பைக் கையால் இழுத்தால் சற்று முரண்டு பிடித்துவிட்டு வர வேண்டும். இறுக்கமாக விட்டால் பெரிய மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போகும். அது தப்பித்த மீன் என்று நினைக்காதீர்கள். வாயில் முள்ளும், பின்னால் பத்தடி நரம்பும் தொங்க அது எங்கேயாவது வேரில் சிக்கிக்கொள்ளும்.

வீசும் முன் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். காசிமேட்டுப் பையன்கள் சிலர் ராடு இல்லாமல் பாட்டிலில் சுற்றிய தங்கூசியோடு வருவார்கள். பழகிய கை, நம்மைவிட நன்றாகவே பிடிப்பார்கள். ஆனால் ஈயத்தைத் தலைக்கு மேல் சுழற்றி வீசுவது கடற்கரைக்குச் சரி. ஆட்கள் நெருங்கி உட்காரும் குளத்தில் பக்கவாட்டில், தாழ்வாக வீச வேண்டும்.

7. இரையைக் கொட்டாதீர்கள்

மைதா அல்லது கோதுமை மாவில் கடலைப் புண்ணாக்குப் பொடி சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்தால் முள்ளுக்குப் போதும். ஜிலேபி மீனுக்கும் கெளுத்திக்கும் மண்புழு.

மீனைக் கூட்ட எறியும் உருண்டையில்தான் புதியவர்கள் அளவு தப்புகிறார்கள். எலுமிச்சை அளவில் மூன்று, பிறகு அரை மணிக்கு ஒன்று போதும். கிலோ கணக்கில் தவிட்டையும் புண்ணாக்கையும் கொட்டினால் மீன் தின்ற மிச்சம் அடியில் அழுகும். அழுகும்போது அது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குகிற நேரத்தில், விடிகாலை நான்கு மணிக்கு, அதன் விளைவு தெரியும். கோழிக்குடலைத் தடுப்பதும் இதற்காகத்தான். நாற்றம் தனி.

மிஞ்சிய மாவைக் குளத்தில் தள்ளாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

8. தக்கை முங்கிய பிறகு

நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மறப்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தக்கை முங்கியதும் மணிக்கட்டால் ஒரு சுண்டு. தோளோடு சேர்த்து இழுக்க வேண்டாம். மாட்டியதும் ‘மீன்!’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொள்வார்கள். பக்கத்துக்காரர் சொன்னால் நீங்களும் சுருட்டிக்கொள்ளுங்கள், அவருக்கு மாட்டியது ஜிலேபியாக இருந்தாலும்.

ராடை உயர்த்தியே வைத்திருங்கள். மீன் ஓடினால் ஓடட்டும், டிராக் பார்த்துக்கொள்ளும். நின்றால் சுருட்டுங்கள். வீடியோ எடுப்பதற்காக வேண்டுமென்றே நீட்டி நீட்டி விளையாடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. களைத்துப் போன மீன் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

கைவலையை முதலிலேயே தண்ணீரில் முக்கி அசையாமல் பிடியுங்கள், மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள், பிறகு தூக்குங்கள். வலையை எடுத்துக்கொண்டு மீனைத் துரத்தினால் அது கடைசி வேகத்தில் பாயும். நரம்பு அறுவது பெரும்பாலும் அப்போதுதான். நரம்பைப் பிடித்துத் தூக்குவது அதைவிட மோசம், வாய் கிழிந்துவிடும்.

கரைக்கு வந்த மீனை நனைத்த சாக்கில் படுக்க வையுங்கள். தொடுவதற்கு முன் கையை நனையுங்கள். மீனின் மேலுள்ள வழவழப்புதான் அதற்கு நோய் வராமல் காக்கும் போர்வை. காய்ந்த கையும் சுடுமண்ணும் அதை உரித்துவிடும். ஈரத் துணியால் கண்ணை மூடினால் துடிப்பு அடங்கும்.

முள் உதட்டில் இருந்தால் பிளையரால் வந்த வழியே திருப்பி எடுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாதீர்கள். முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். ஒரு முள்ளுக்காக உள்ளே கிழித்தால் மீன் நிச்சயம் சாகும்.

படம் எடுப்பதென்றால் நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டுகிறபோது அதற்கும் முட்டும். உட்கார்ந்தபடி, சாக்குக்கு மேலேயே, இரண்டு கையாலும் வயிற்றடியில் தாங்கிப் பிடியுங்கள். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிட்ட படம் சந்தைக்குச் சரி. திரும்ப விடப் போகும் மீனுக்கு ஆகாது.

விடும்போது தூக்கி எறியக் கூடாது. தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அதுவாக வாலை ஆட்டிக் கையிலிருந்து நழுவும் வரை காத்திருங்கள். சிலசமயம் இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். பக்கவாட்டில் சாய்ந்தால் மறுபடி பிடித்து நிமிர்த்துங்கள்.

எடுத்துப் போவதா விடுவதா என்பதைக் கைவலையில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். காலையில் ஒரு கிலோ ரோகுவை, பிடித்த மீனைத் தண்ணீரிலேயே வைத்திருக்கும் பைவலையில் போட்டு வைத்துவிட்டு, மதியம் இரண்டு கிலோ வந்ததும் சின்னதை விட்டுவிடும் சாமர்த்தியம் பலரிடம் உண்டு. நாலு மணி நேரம் நெரிசலில் உரசிக் கிடந்தது பிழைக்காது. மறுநாள் மிதக்கும். எடுத்துப் போவதென்று முடிவானால் தலையில் ஒரே அடி, உடனே ஐஸ். பிளாஸ்டிக் பையில் மூச்சுத் திணற விடுவது மீனுக்கும் கொடுமை, கறிக்கும் ருசிக்கேடு.

9. கையைக் குத்துகிறவையும் வரக் கூடாதவையும்

ஜிலேபியின் முதுகுத் துடுப்பு முள் கூர்மையானது. தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகக் கையை வழித்துக்கொண்டு போனால் துடுப்பு மடங்கிவிடும். எதிர்த்திசையில் போனால் ரத்தம்தான். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கையால் பிடிக்காமல் துணியும் பிளையருமாகக் கழற்றுங்கள்.

தேளி மீன் குத்தினால் தேள் கொட்டியது போலவே கடுக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி இறங்கும். வலியில் சூடு தெரியாது. அதனால் குத்தாத கையை விட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் டீ போடும் அடுப்பு இருக்கும், கேளுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விரலில் தூண்டில் முள் ஆழமாக ஏறிவிட்டால் வீரம் வேண்டாம். நரம்பை வெட்டிவிட்டு, முள்ளை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்பார்கள். முகத்திலோ கண் பக்கத்திலோ என்றால் தொடவே தொடாமல் 108.

ஏரி ஆமை மாட்டினால் அதை இழுத்து வந்து நரம்பை வாயருகே வெட்டி, முடிந்தால் முள்ளை எடுத்து, உடனே விட்டுவிடுங்கள். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வீட்டுக்கு எடுத்துப் போனால் வழக்குதான்.

உடம்பெல்லாம் கவசம் போட்டதுபோல ஒரு கறுப்பு மீன் வந்தால் அது டேங்க் கிளீனர். எங்கள் கொளத்தூரில் கண்ணாடித் தொட்டிக்கு விற்கிற அதே மீன். குளத்துக்கு வேண்டாத விருந்தாளி. கரையைக் குடைந்து வளை தோண்டும், வலையைக் கிழிக்கும். திரும்ப விடாமல் காவல்காரரிடம் கொடுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பெரிதாகிவிட்ட மீனைக் கொண்டுவந்து ‘பாவம், இங்கயாவது பொழைக்கட்டும்’ என்று விடவும் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தாலும் சொல்லுங்கள். அதை வளர்க்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது.

10. ராடை விட்டு எழுந்து போகாதீர்கள்

டீ குடிக்கப் போனாலும் நரம்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போங்கள். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ராடைக் கல்லில் சாய்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன், திரும்பிப் பார்த்தால் ராடு தண்ணீரில் படகு மாதிரி போய்க்கொண்டிருந்தது. மாலையில் எதிர்க்கரையில் கிடைத்தது. மறுமுனையில் இருந்த ரோகு வேரில் சுற்றிக்கொண்டு செத்திருந்தது. அதன் எடைக்கு நான்தான் காசு கொடுத்தேன், கொடுக்க வேண்டியதும் சரிதான்.

ராடு போனாலும் தக்கை மாட்டிக்கொண்டாலும் தண்ணீரில் இறங்காதீர்கள். தோண்டிய குளங்களில் இரண்டடி எடுத்து வைத்ததும் சரேலென்று ஆழம் வரும், சேறு காலைப் பிடிக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு மரத்தடிக்குப் போகாமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி கையில் எடுக்க வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டி வரலாம், ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் அன்றைக்குத் தூண்டில் போடக் கூடாது. மது பாட்டில் கொண்டுவருகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. பெரும்பாலான குளங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

11. கிளம்பும்போது

நேரம் முடிவதற்கு இருபது நிமிடம் முன்பே சுருட்டத் தொடங்குங்கள். முதலில் நரம்புத் துண்டுகள். ஒரு விரல் நீளத் துண்டையும் பாட்டிலில் போடுங்கள். கொக்கும் நீர்க்காகமும் இறங்கும் கரை அது. காலில் சுற்றிய நரம்பை அவற்றால் கழற்ற முடியாது. காலே அழுகிப் போகும். நைலான் மக்கவும் மக்காது.

அப்புறம் தராசு. எடுத்த மீனை நீங்களாகவே கொண்டு போய் எடை போடச் சொல்லுங்கள். பையைச் சோதிக்கும் நிலைமைக்குக் காவல்காரரைக் கொண்டு போகாதீர்கள். மீனைக் குளத்தில் கழுவிக் குடலை அங்கேயே எறிய வேண்டாம். சுத்தம் செய்ய இடம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வீட்டில்.

செத்த மீனோ உடம்பில் புண்ணுள்ள மீனோ கண்ணில் பட்டால், நீங்கள் விட்ட மீனாகவே இருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஒன்றைப் பார்த்துச் சொன்னால் நூறைக் காப்பாற்ற அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கைவலையையும் சாக்கையும் நன்றாக வெயிலில் காயப் போடுங்கள். மீன் பேன் போன்றவை ஈர வலையோடு ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். அடுத்த வாரம் வேறு குளம் என்றால் இது கட்டாயம்.

எழுந்து போவதற்கு முன் முள் டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். காலையில் பன்னிரண்டு இருந்து இப்போது பத்து இருந்தால், ஒன்று மீனோடு போனது நினைவிருக்கும். இன்னொன்று எங்கே? சாக்கை உதறிப் பாருங்கள், உட்கார்ந்த இடத்தில் விளக்கடித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எந்த இடம் என்று கொட்டகையில் சொல்லிவிட்டுப் போங்கள். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தீவனச் சட்டியோடு அந்தக் கரையில் நடக்கிறவர் செருப்புப் போடுவதில்லை.